ஒண்ணும் இல்லாத வயிறு

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லை," என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை. மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போகிற செய்தி. எனக்கோ இவர் நான்காவது டாக்டர். இது நான்காவது 'ஒண்ணும் இல்லை'.

இரண்டு வருஷமாக நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. ஐந்தாவது வாயில் வயிறு கல்லாகிவிடும். நெஞ்சுக்குழியில் கொள்ளி வைத்ததுபோல் எரியும். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பேன்.

அலுவலகத்தில் எனக்கு 'நாலு வாய்' என்றே பெயர்.

வீட்டுக்காரர் வாயு என்றார். மாமியார், "கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு. எல்லாம் மனசுதான்," என்றார். இன்று வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு வந்தது அதே மாமியார்தான், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். பக்கத்து நாற்காலியில், என் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்கம்மா, இன்னும் முடிக்கல. ரிப்போர்ட்ல தெரியலன்னா வலியே இல்லைன்னு ஆகிடாது. உங்க வலி நிஜம்."

உட்கார்ந்தேன்.

டாக்டர் ஒரு காகிதத்தில் வயிற்றை வரைந்தார். சாப்பாடு உள்ளே போனதும் அது நெகிழ்ந்து இடம் கொடுக்க வேண்டும், என்னுடையது கொடுப்பதில்லை. அங்கிருக்கும் நரம்புகளும் ஊரைக் கூட்டுகிற ரகம், சின்ன அசைவைக்கூட வலி வலி என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. படத்துக்குக் கீழே பெயரையும் எழுதினார்: ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா.

கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகச் சாப்பிட வேண்டும். எண்ணெயைக் குறைக்க வேண்டும். ஒரு மாதம் அமிலம் குறைய மாத்திரை. அதற்குக் கேட்காவிட்டால் நரம்பை அமர்த்த வேறொன்று. அடியோடு போகாவிட்டாலும் அடங்கும் என்றார்.

மாத்திரை இன்னும் கைக்கே வரவில்லை. ஆனாலும் பாதி பாரம் அந்த நாற்காலியிலேயே இறங்கிவிட்டது. நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கு யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா? நன்றி சொல்ல வாயெடுத்தேன். எழுந்து கையை மட்டும் கூப்பினேன்.

அத்தை எழுந்திருக்கவில்லை.

"முப்பது வருஷமா இருந்தாலும் இந்த மாத்திரைக்குக் கேக்குமா டாக்டர்?"

"யாருக்குங்க?"

அத்தையின் கை மெல்ல நெஞ்சுக்குழிக்குப் போனது.

பதினோரு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் நிற்கிறோம். அவர் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பார்க்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் புதிதாக ஒரு சீட்டை எடுத்தார்.

அத்தையின் பெயரையும் வயதையும் நான்தான் சொன்னேன்.