பின்பக்கம் மூன்று எழுத்து

“புள்ளிக்கும் காசா?” என்று கேட்டார் அந்த அம்மா.

வெண்கலப் பலகை வார்க்கிறவருக்கு முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. எழுத்துக்கு இவ்வளவு என்பதுதான் அவர் கணக்கு. புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே விலை. அந்தப் புள்ளியும் அச்சில் விழ வேண்டும், உருக்கிய வெண்கலம் அதற்குள்ளும் ஓட வேண்டும், ஆறினதும் அதைச் சுற்றி அரம் போட வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“சொல்லும்போது பாதிதானே வருது? அப்ப பாதி விலை போடுங்க” என்றார் அந்த அம்மா.

புதிதாகக் கட்டிய இலவச மருத்துவமனையின் கமிட்டிச் செயலாளராம். கையில் இருந்த பைக்குக் கைப்பிடி அறுந்து, முடிச்சுப் போட்டிருந்தது. வார்ப்புக்காரர் அதை அப்போதே குறித்துக்கொண்டார். வெண்கலத்தை எடை போடத்தான் தராசு வேண்டும், மனிதர்களுக்குத் தன் கண்ணே போதும் என்பது அவருடைய நினைப்பு.

மருத்துவமனைக்கு நன்கொடை கொடுத்த பன்னிரண்டு பேரின் பட்டியல் வந்திருந்தது. அவர் ஒரு பெயரையும் படிக்கவில்லை. எழுத்துகளை மட்டும் எண்ணினார். படித்தால் எண்ணிக்கை தப்பிவிடும். எண்ணி முடித்துத் தொகையைச் சொன்னார். இருநூறு வருடத்துக்கு அழியாது என்று வழக்கமான கேரண்டியையும் கூடவே கொடுத்தார்.

அந்த அம்மா பட்டியலைத் திரும்ப வாங்கினார். பேனாவை எடுத்து, கடைசிப் பெயரை ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி மை பூசி அடித்தார்.

“இப்ப எவ்வளவு குறையும்?”

வார்ப்புக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு பேர் என்றால் ஆறு ஆறாக இரண்டு வரிசையில் அழகாக உட்காரும், பதினொன்று என்றால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதில் வந்தது.

“பணம் குடுத்தவங்க வருத்தப்பட மாட்டாங்களாம்மா?”

“மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

யாரோ வாயில்லாப் பூச்சியாக இருக்க வேண்டும். கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு, பத்து எழுத்துக் காசுக்காகப் பெயரை வெட்டிவிட்டார்களே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. அந்த மாதம் வேறு வேலை வரவில்லை. புள்ளி வைத்த எழுத்துகளுக்கும் பாதி விலைதான் கிடைத்தது.

மறுநாள் மண்ணில் அச்சுக் கட்டும்போது, பலகையின் பின்பக்கம் வரும் இடத்தில், ஆணியால் மூன்று எழுத்து கீறினார்: கருமி.

மண்ணில் திருப்பி எழுதினால்தான் வெண்கலத்தில் நேராக வரும். அதற்காகவே வலமிருந்து இடமாக எழுதப் பழகி வைத்திருந்தார். பிடிக்காத வாடிக்கையாளர் வந்தால் இதுதான் அவர் தீர்க்கும் கணக்கு. ஊரில் பாதிச் சுவர்கள் அவருடைய அபிப்பிராயங்களைச் சுமந்துகொண்டுதான் நிற்கின்றன.

பக்கத்தில் அச்சுக்கான மர எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

“என்னங்க இது சின்னப்புள்ளத்தனம்? ஊத்தினதும் அரத்தப் போட்டு அத எடுத்துடுங்க.”

“பின்பக்கத்த யாரு பாக்கப் போறா? சுவரோட போயிடும்.”

அந்த மூன்று எழுத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. தன் பெருந்தன்மையை எண்ணித் தானே சிரித்துக்கொண்டார்.

பலகையைப் பதிக்கவும் அவரே போனார். சுவரில் துளை போட்டு, பலகையின் ஆணிகளில் பசை தடவி, அழுத்திப் பிடித்தார். பத்து நிமிடத்தில் இறுகிவிட்டது. இனிமேல் சுவரை இடித்தால்தான் வரும்.

பார்த்துக்கொண்டு நின்ற நர்ஸ், பெயர்களை எண்ணினார்.

“இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் அஞ்சு. ஒண்ண விட்டுட்டீங்களா?”

“நான் ஏம்மா விடறேன்? உங்க செயலாளரம்மாதான் காசு மிச்சம் பண்ண அடிச்சுட்டாங்க. பாவம், யார் பேரோ.”

நர்ஸ் பலகையில் காலியாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அவங்க பேருதாங்க. குடியிருந்த வீட்ட வித்துக் குடுத்துட்டு இப்ப வாடகைக்கு இருக்காங்க. பேரு வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாங்கதான் அடம் புடிச்சுக் கடைசியில சேத்தோம்.”

வார்ப்புக்காரர் திரும்பிப் பலகையின் விளிம்பில் விரல்களைக் கொடுத்து இழுத்தார். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். உளியை எடுத்து நெம்பினார். முப்பது வருடத் தொழில் சுத்தம், ஒரு நூல்கூட அசையவில்லை.

“போதுங்க, கெட்டியாத்தான் இருக்கு” என்றார் நர்ஸ்.

அதற்குள் அந்த அம்மாவே முடிச்சுப் போட்ட பையோடு வந்துவிட்டார். பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு. உங்க உழைப்புக்கு நான் பேரம் பேசியிருக்கக் கூடாது. மிச்சம் புடிச்ச காசுல ரெண்டு கட்டிலுக்கு மெத்த வந்துச்சு. எதையும் மனசுல வெச்சுக்காதீங்க.”

“மனசுல ஒண்ணும் இல்லம்மா” என்றார் வார்ப்புக்காரர்.

பொய் சொல்லவில்லை. மனசில் இருந்ததைத்தான் ஏற்கெனவே பலகையின் பின்னால் இறக்கி வைத்தாயிற்றே. அவ்வளவு பெரிய கட்டிடத்தில் அந்த அம்மாவைப் பற்றி எழுதியிருப்பது அந்த மூன்றே எழுத்துதான். இருநூறு வருடத்துக்கு அழியாது. அவரே கேரண்டி கொடுத்திருக்கிறார்.