ஒன்பது மணிக் கதவு

தலைநகரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காலை ஒன்பது மணிக்கு நாட்டின் எல்லாப் பள்ளிக் கதவுகளும் ஒன்றாக மூடிக்கொள்ளும். எந்த ஊரில் மழை, எந்த ஊரில் வெள்ளம் என்று யார் கேட்டார்கள்? ஒரு தீவுப் பள்ளியிலும் இரும்புக் கதவு நகரத் தொடங்கியது. பிள்ளைகளின் படகோ எதிர் நீரோட்டத்தில் திணறிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை பிலோமினா சட்டென்று இடுக்கில் கையைக் கொடுத்தாள். கதவு விரல்களை நெரித்தபடி நின்றது.

"கையை எடுங்க டீச்சர்! ஒன்பதுன்னா எல்லாருக்கும் ஒன்பதுதான்," என்று பதறினார் ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி.

"அதை அந்தத் தண்ணிகிட்ட சொல்லுங்க சார்."

அவருடைய கைபேசி அலறியது. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "இது மூடாததால நாட்டுல ஒரு கதவும் மூடலையாம். எடுங்கம்மா!"

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். படகு கரைக்கு வந்தபாடில்லை. வலிக்காத கையையும் கொண்டுபோய் இடுக்கில் வைத்தாள்.