இஞ்சின் மாறும் நேரம்

"இந்த வண்டிக்குக் கரண்டு எங்கேருந்து வருது, தங்கச்சி?"

பெய்லான் வெந்நீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள். சீனாவின் ஹார்பின் நகரை விட்டு வடக்கே போகும் ‘கே’ என்ற சாதாரண ரக ரயில் வண்டியில் ஒன்பது வருடமாகப் பணிப்பெண். கழிப்பறை எங்கே என்பதைத் தவிர எந்தப் பயணியும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அதுவும் பக்கத்துப் பெட்டிப் பணிப்பெண் ஷென் அக்கா காலையில்தான் காதைக் கடித்திருந்தாள்: "மாறுவேஷத்துல ஒரு இன்ஸ்பெக்டர் ஏறியிருக்காராம். பார்த்து நடந்துக்கோடி."

பெய்லான் அதிவேக ரயிலுக்கு மாற்றல் கேட்டிருந்தாள். இன்றைய அறிக்கை நன்றாக வந்தால் அடுத்த மாதமே புதுச் சீருடை. இல்லையென்றால் ஆயுசுக்கும் இங்கேயே பயணிகள் கொறித்துத் துப்பும் சூரியகாந்தி விதைத் தோலைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேள்வி கேட்ட பழுப்புக் கோட்டுக்காரரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "முன்னாடி இழுக்குற இஞ்சின்லேருந்துதாங்க ஐயா. மேல கம்பியிலேருந்து அது எடுத்து, நமக்கும் கொஞ்சம் தரும்."

"அப்போ அந்த அதிவேக ‘ஜி’ வண்டிக்கு?"

"அதுக்குத் தனியா இஞ்சினே கிடையாதுங்க. நிறையப் பெட்டிக்கு அடியில மோட்டார் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஓடும். ‘டி’ வண்டியும் பெரும்பாலும் அதே ரகந்தான், வேகம் கொஞ்சம் கம்மி. நம்ம வண்டியில ஒருத்தன் இழுப்பான், மத்தவங்க பின்னாடி சும்மா வருவாங்க."

"வழியில கரண்டு நிக்குமா?"

சந்தேகமே இல்லை, இது இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்விதான். "மலையடிவார ஸ்டேஷனோட கம்பி முடிஞ்சிடுதுங்க. அங்க டீசல் இஞ்சின் மாத்துவாங்க. அது மாட்டுற வரைக்கும் விளக்கும் இருக்காது, ஹீட்டரும் இருக்காது."

அவர் முகம் சுண்டிப்போனது. மடியிலிருந்த தெர்மாகோல் பெட்டியை அணைத்துக்கொண்டார். "இதைச் செருக ஒரு பிளக் பாயின்ட் வேணுமே. இங்க இருக்குறது எதுவும் வேலை செய்யல."

பெய்லான் குனிந்து பார்த்தாள். பெட்டியின் மேல் ஒரு வெப்பமானி, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு வயர். மின்சாரத்தை அளக்கும் கருவியேதான். பணிப்பெண் அறையில் பயணிகளின் பொருளை வைக்கக் கூடாது என்பது விதி. விதி போட்டவர்களிடமே விதியைப் பேச முடியுமா?

"என் ரூம்ல செருகிக்குங்க ஐயா. அது நல்லாவே வேலை செய்யுது."

மலையடிவாரத்தில் வண்டி நின்றதும் விளக்குகள் அணைந்தன. மனிதர் அவள் அறைக்குள் ஓடிவந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் கோட்டைக் கழற்றிப் பெட்டியைப் போர்த்தினார்.

"குளிர்ந்தா கணக்கு தப்பாயிடும், இல்லீங்களா?" என்றாள் பெய்லான், விவரம் தெரிந்தவளாக.

"மொத்தமும் போயிடும், தங்கச்சி."

அவள் தன்னுடைய வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் வைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்."

பெய்லானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்? புதுச் சீருடையைப் பாதி போட்டுக்கொண்டாகிவிட்டது.

டீசல் இஞ்சின் உறுமியது, விளக்குகள் வந்தன. அவர் பெட்டியின் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தார். உள்ளே உடைந்த ஓடுகளுக்கு நடுவே, ஈரம் காயாத ஒரு டஜன் வாத்துக் குஞ்சுகள்.

"ரயில்ல உயிரோட பிராணி கொண்டாரக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "ஏறும்போது முட்டையாத்தான் இருந்துச்சு."

அவள் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. வண்டித் தலைவரின் குரல்: "பெய்லான், இன்ஸ்பெக்டர் மத்த பெட்டியெல்லாம் பார்த்தாச்சு. இப்போ உன் ரூம் வாசல்லதான் நிக்கிறாரு. உள்ள எல்லாம் ஒழுங்கா இருக்குல்ல?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், ஒரு டஜன் வாய்கள் முந்திக்கொண்டன.