ஒரு மேசைக்கு ஒருத்தி

"வழி விடுங்கப்பா, கலெக்டரம்மா கிளம்பிட்டாங்க!"

மணி ஐந்தானால் நெட்டை இப்படித்தான் கத்துவாள். சலவைக்கூடமே சிரிக்கும். குட்டை பையை எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வெளியேறுவாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. மேசைக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். இந்த மேசையில் நெட்டையும் குட்டையும். இருவருக்கும் இன்னும் இருபது ஆகவில்லை. இருவருமே ஐந்தாவதைப் பாதியில் விட்டவர்கள்.

போன மாதம், படிப்பை விட்டவர்களுக்கான மாலை வகுப்பில் குட்டை பெயர் கொடுத்தாள். சீக்கிரம் விடச் சொல்லி சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"ஒரு மேசைக்கு ஒருத்திதான் அஞ்சு மணிக்குப் போகலாம். மிச்சத்தை இன்னொருத்தி மடிச்சாகணும். என்ன சொல்றே நெட்டை?"

நெட்டை மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தாள்.

"இவளே போய்த் தொலையட்டும் சார். எனக்கெல்லாம் எங்கே படிப்பு ஏறப்போகுது?"

அன்றிலிருந்து மாலையில் நெட்டை தனியாக மடிக்கிறாள், விரிப்பின் ஒரு முனையை முகவாயில் இடுக்கிக்கொண்டு. கேலியும் அன்றுதான் ஆரம்பித்தது. காலையில் வந்ததும் வராததுமாக முதல் கேள்வி:

"கலெக்டரம்மா, நேத்து என்ன கிழிச்சீங்க?"

"பின்னம்."

"அப்படின்னா? இந்த மக்குக்குப் புரியற மாதிரி விவரமாச் சொல்லு."

"ஒண்ணை ரெண்டாக்கினா அரை. நாலாக்கினா கால். எட்டாக்கினா அரைக்கால்."

நெட்டை கையிலிருந்த விரிப்பைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! இதைத்தானே தினமும் மடிச்சிட்டிருக்கோம். இதுக்கா பஸ் ஏறிப் போறே?"

பக்கத்து மேசைகள் சிரித்தன.

"சரி, கால்ல பாதி அரைக்கால். அரைக்கால்ல பாதி எவ்வளவு?"

குட்டை அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். "அது நாளைக்குத்தான் நடத்துவாங்க."

"நாளைக்கு மறக்காம வந்து சொல்லு."

முதல் பரீட்சையில் குட்டைக்குப் பத்துக்கு மூன்று.

"மூணா! எங்கே தப்பு விட்டே? தாளைக் காட்டு."

நெட்டை கை நீட்டினாள். குட்டை தாளைப் பின்னுக்கு இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கணும், அதானே? உனக்குப் பொறாமைடி!"

நெட்டையின் சிரிப்பு நின்றது.

"ஆமா, பொறாமைதான். துணியை இழுத்துப் பிடி."

அதன்பிறகு ஒரு வாரம் நெட்டை கேட்டுக்கொண்டே இருந்தாள். குட்டை வாயே திறக்கவில்லை. வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. வகுப்பு முடிந்ததும் டீச்சர் வருகைப் பதிவேட்டோடு குட்டையைக் கூப்பிட்டார்.

"பதினேழாம் நம்பர் உங்க சலவைக்கூடத்துப் பொண்ணுதானே? உயரமா இருப்பாளே. நீ சேர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பேர் கொடுத்து, புஸ்தகம்லாம் வாங்கிட்டுப் போனா. ஒருநாள்கூட வரலை. மாசக் கடைசி ஆச்சு, பேரை அடிச்சிடட்டுமா?"

குட்டை பதிவேட்டைப் பார்த்தாள். பதினேழுக்கு எதிரே வரிசையாக வெறும் கட்டங்கள்.

"அடிக்காதீங்க டீச்சர்," என்றாள். "இந்த வாரம் நடத்தினதை மட்டும் எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க. அவ கேட்டுட்டே இருந்தா, நான்தான் சொல்லலை."