ஒன்பது மணி ரேகை

தையல் கம்பெனியில் இஸ்திரி போடும் அக்கா ஐந்து மணி அடித்ததும் கிளம்பிவிடுவாள், வேலை தலைக்கு மேல் கிடந்தாலும் சரி. இளவயதில் ஒன்பது வரை நின்று மாடாய் உழைத்தவள்தான். பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஐம்பதைத் தாண்டியபின் ஒன்பது வரை நிற்கிற பேச்சுக்கே இடமில்லை.

சூட்டில் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனதால் வருகைப்பதிவு மெஷின் அவளை ஏற்காது, நோட்டில்தான் கையெழுத்து.

அன்று ஆபீஸ் பெண் அவளைக் கூப்பிட்டு மெஷினின் பதிவைக் காட்டினாள். மாதம் முழுக்க, தினமும் 9:02க்கு, அக்காவின் ரேகை வெளியே போயிருந்தது.

“நான் அஞ்சுக்கே போயிடறேனே கண்ணு.”

“கதை விடாதீங்கக்கா. நேத்துகூட ரெண்டு பேரும் சேர்ந்துதானே வெளிய போனோம்? டை அடிச்சு, பின்னல் போட்டு, ஆளே மாறியிருந்தீங்க. உங்கள மாதிரி உழைக்கணும்னு எனக்கே ஆசையாப் போச்சு.”

“நான் என்ன பேசினேன்?”

“பையன் நடக்க ஆரம்பிச்சுட்டானாம்னு சொன்னீங்க. சீக்கிரமே போய்ப் பாத்திருக்கக்கூடாதான்னேன். சட்டை நெறைய கெடந்துச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டீங்க. பேரன்தானேக்கா?”

அக்காவின் மகனுக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் கல்யாணமாகவில்லை.

ஐந்து அடித்தது. அக்கா பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு தன் மேசைக்கே திரும்பிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்காவது அந்தப் பின்னல்காரியை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.