ஜன்னலோரத்து ஆள்

“இன்னிக்கு அந்தத் தனிக்காட்டு ராஜாவுக்கும் ஒரு வாய் குடுத்துட்டுத்தான் மறுவேலை!” என்று, யாரும் கை வைக்கும்முன் தன் டப்பாவும் கையுமாக எழுந்தாள் அவள்.

பார்சல் ஆபீஸின் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கையும் பாதியில் நின்றது. கேஷியர் அக்கா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாம்டி, உக்காரு. அவங்க ஊர்ப் பழக்கமே அப்படித்தான். அவனவன் தட்டு அவனவனுக்கு. நீ போய் நீட்டுவ, அவன் மூஞ்சியைத் திருப்பிக்குவான். தேவையா உனக்கு?”

“ஆமா தங்கச்சி, சும்மா இருக்கறவனை எதுக்கு வம்புக்கு இழுக்கற?” என்றார் டிரைவர் அண்ணன்.

அந்த ஆபீசில் மதியம் மணி அடித்ததும் எல்லா டப்பாவும் நடு மேஜைக்கு வந்துவிடும். யார் டப்பா யாருக்கு என்ற பேச்சே கிடையாது. பில் கவுண்டரில் இருக்கும் அவளுடைய டப்பாதான் தினமும் முதலில் காலியாகும். அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் வழித்துத் துடைத்திருப்பார்கள். அவளுக்கென்று ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை! மற்றவர்கள் கொண்டு வந்ததைத் தின்றே அவள் வயிறு நிறைந்துவிடும்.

விலாசம் சரிபார்க்கும் அந்த ஆள் மட்டும் சேரமாட்டான். எங்கிருந்தோ வேலைக்கு வந்தவன். சேர்ந்த நாளிலிருந்து ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். உம்மணாமூஞ்சி!

“அக்கா, இன்னிக்கு விட்டா அப்புறம் எப்ப குடுக்கறது?” என்றாள் அவள். “உங்க யார்கிட்டயும் சொல்லல. வேலையை விடப்போறேன். தெருமுனையில சாப்பாட்டுக் கடை போட இடம் பாத்தாச்சு. சாயங்காலம் அம்மாவோட சங்கிலியை வித்து அட்வான்ஸ் குடுத்துடுவேன்.”

டிரைவர் அண்ணனுக்குப் புரையேறியது. கேஷியர் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். பிரியப்போகும் வருத்தத்தில்தான் எல்லோரும் இப்படி ஆடிப்போனார்கள் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் உங்களாலதான். அம்மா போனப்ப நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு நினைச்சேன். நீங்க என் டப்பாவை வழிச்சுச் சாப்பிட்டதாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. இதை உயிருள்ள வரைக்கும் மறக்கமாட்டேன்.”

சொன்னவள் நிற்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் டப்பாவை நீட்டினாள்.

அவன் டப்பாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் மேஜைப் பக்கம் பார்த்தான்.

“என்னை விட்டுடுங்களேன்.”

“ஒரே ஒரு வாய். உங்க குடி ஒண்ணும் முழுகிப்போயிடாது.”

வேறு வழியில்லாமல் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான்.

“நிஜமாவே கடை போடப்போறீங்களா?”

“ஆமா.”

“அப்படின்னா சொல்லித்தான் ஆகணும். நல்லா இல்லைங்க. உப்பு கரிக்குது. காய் வேகவே இல்ல.”

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. “இத்தனை பேர் தினமும் சாப்பிடறாங்களே, அவங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சா? சொல்லுங்கண்ணே!”

டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கேஷியர் அக்காதான் மெல்ல எழுந்து வந்தாள்.

“நீ சேர்ந்த புதுசுல உன் டப்பாவை யாரும் தொடல. அதை அப்படியே மூடி எடுத்துட்டுப் போய்க் குழாயடியில நின்னு நீ தேம்பித் தேம்பி அழுத. பெத்தவளைப் பறிகுடுத்துட்டு வந்த பொண்ணு. எங்களுக்கு மனசு கேக்கல. ஆளுக்கு ரெண்டு கரண்டின்னு பங்கு போட்டுக்கிட்டோம். உன் வாய்க்குப் போயிடக் கூடாதேன்னுதான் முதல்ல காலி பண்ணினோம்.”

அவள் நம்பாமல் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். அடுப்பிலிருக்கும்போது ருசி பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ராத்திரி வீட்டில் சமைப்பது அண்ணி. தன் சமையலை அன்றுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். போட்டதை அந்த ஜன்னல் வழியாகத்தான் துப்ப வேண்டியிருந்தது.

“அய்யோ! இதையா இத்தனை வருஷமா தின்னீங்க?”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்காவைக் கட்டிக்கொண்டாள். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கை தானாகப் போய்க் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. நல்லவேளை, அது கழுத்திலேயே இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கும் கோடிப் புண்ணியம். உங்களை மட்டும் கேக்காம விட்டிருந்தா, அம்மா சங்கிலி இன்னியோட போயிருக்கும். யாரோடவும் ஒட்டாம தனியா இருக்கற உங்க ஊர்ப் பழக்கத்துலயும் ஒரு நல்லது இருக்குங்க.”

“எங்க ஊர்லயா?” அவன் முதல் தடவையாகச் சிரித்தான். “வீட்ல பெரிய தட்டு ஒண்ணுதாங்க. எல்லாரும் அதைச் சுத்தி உக்காந்துதான் சாப்பிடுவோம். ஒருத்தன் தனியாப் போய் உக்காந்தா உடம்புக்கு என்னன்னு விசாரிப்பாங்க. இங்க வேலைக்கு வந்த அன்னிக்கே இந்த அக்கா என்னை ஓரமாக் கூப்பிட்டு, ‘தம்பி, சாப்பாடு நல்லா இல்லன்னாலும் நல்லா இருக்குன்னு சொல்ல வருமா?’ன்னு கேட்டாங்க. ‘வராதுக்கா’ன்னேன். ‘அப்படின்னா அந்தப் பொண்ணுக்காக நீ ஜன்னலோரம் உக்காந்துக்கப்பா’ன்னாங்க. சரின்னு உக்காந்துட்டேன்.”