வளையல் சத்தம்

கலகலவென்று அடுக்களைக்குள்ளிருந்து வளையல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

கனடாவின் பிராம்ப்டன் பனியில், பக்கத்து வீட்டுப் பின்வாசலில் கால் மாற்றி நின்ற ஹர்பன்ஸ் கௌருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் அந்த வீட்டு மருமகள் ரமன்! பஞ்சாபிலிருந்து கல்யாணமாகி வந்து சில மாதம்தான். முழங்கை வரை சிவப்புக் கல்யாண வளையல். அந்தச் சத்தம் நின்றால் புருஷன் லக்வீர் மாடியிலிருந்து இறங்குவான். இறங்கினால் அடிதான். தெருவுக்கே தெரியும். தெருவில் யாரும் கதவைத் தட்டியதில்லை.

நேற்று குருத்வாராவில் மாவு பிசைய ரமன் வளையலைக் கழற்றப் போனாள். மாமியார் நசீப் கௌர் அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"வருஷம் முடியாம கழட்டினா குடும்பம் விளங்குமா? கனடா வந்தா வெள்ளைக்காரி ஆயிடுவியோ?"

ரமனின் கையில் வளையல் மேலேறிய இடத்தில் கன்றிப்போயிருந்ததை ஹர்பன்ஸ் பார்த்துவிட்டாள். மகன் லட்சணத்தை மறைக்கத்தான் கிழவிக்கு இத்தனை ஆசாரம்! இன்று இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

உள்ளே மாடியிலிருந்து அதட்டல் கேட்டது. "டீ எங்கடி?"

"அவ ரொட்டி தேய்க்கிறாடா. சத்தம் கேக்கல? நான் கொண்டாறேன்." நசீப் கௌரின் குரல்.

ஹர்பன்ஸ் கதவைத் தள்ளினாள்.

"ஏன்க்கா, அந்தப் பொண்ண நீங்க..."



ரமன் அங்கே இல்லை. நசீப் கௌர் மட்டும் நின்றிருந்தாள். புருஷன் போனதிலிருந்து வெறுமையாய்க் கிடந்த தடித்த கைகளில் மருமகளின் சிவப்பு வளையல்கள். சோப்புப் போட்டு ஏற்றியதில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"மெதுவா பேசு. இப்பத்தான் பஸ் ஏறியிருப்பா."

"அப்ப நேத்து அந்தக் கத்து கத்தினீங்களே?"

"அவன் காதுக்குப் போகணும்ல? அப்பத்தான என்னை நம்புவான்."

"தெரிஞ்சா உங்கள விடுவானாக்கா? நீங்களும் கூடவே போயிருக்கலாமே!"

"ரெண்டு பேரும் போயிட்டா சத்தத்துக்கு யாரு?" கிழவி சிரிக்க முயன்றாள். "அவங்கப்பன்கிட்ட காலம் பூரா வாங்கினேன். எனக்காக யாரும் வளையல் போட்டுக்கல."

மேலே கட்டில் கிறீச்சிட்டது.

நசீப் கௌர் கட்டையை எடுத்து, கையை ஆட்டி ஆட்டி, அடுத்த ரொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.